பொன்னழகி வண்ணத்துப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய் வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான்: "மரத்துக்கு மேலே கறுப்பும் மஞ்சளுமாக ஏதோ பறந்தது, முதலில் குருவி என்றே நினைத்தோம்." அந்த 'ஏதோ'வைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பொன்னழகி என்பது எந்த வண்ணத்துப்பூச்சி?

ஆங்கிலத்தில் சதர்ன் பேர்ட்விங் (தெற்கத்திப் பறவைச்சிறகு), அறிவியல் பெயரில் ட்ராய்டெஸ் மினோஸ். தென்னிந்தியாவுக்கே உரிய இனம். மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடிவாரங்களும்தான் அதன் வீடு. முன்சிறகு கறுப்பு, பின்சிறகு தங்க மஞ்சள். தலைக்குப் பின்னால், கழுத்துப் பட்டை கட்டியதுபோல் ஒரு சிவப்பு. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

ஆண், பெண் வேறுபாட்டைப் பின்சிறகில் தேட வேண்டும். ஆணின் மஞ்சள் ஏறக்குறையத் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும், ஓரத்தில் மட்டும் கறுப்பு. பெண்ணின் மஞ்சளில் முக்கோணமான கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்தான் உருவத்தில் பெரியது. ஆணின் பின்சிறகு உள்ளோரத்தில் ஒரு மடிப்பும் அதற்குள் வெண்ணிறப் பஞ்சு போன்ற இழைகளும் உண்டு. பெண்ணை மயக்கும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. இதைப் பறக்கும்போது பார்க்க முடியாது.

எவ்வளவு பெரியது?

விரித்த சிறகின் அகலம் 140 முதல் 190 மில்லிமீட்டர் வரை. தோட்டத்துக்கு வரும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு அலகிலிருந்து வால் நுனி வரை 10 சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆகவே குருவி என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி இதுதானா?

நெடுங்காலம் அப்படித்தான் எழுதினார்கள். 1932-ல் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் பிரிகேடியர் எவன்ஸ் பதிவுசெய்த ஒரு பெண் பொன்னழகியின் அளவு 190 மில்லிமீட்டர். அந்தச் சாதனை 88 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2020-ல் உத்தராகண்டின் தீதிஹாட் பகுதியில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் பெண் ஒன்று 194 மில்லிமீட்டர் அளந்தது. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பட்டம் இமயமலைக்குப் போய்விட்டது. பழைய பாடநூல்களும் பல பலகைகளும் இன்னும் மாறவில்லை. என்னைக் கேட்டால், இரு தனி உயிர்களின் அளவை வைத்து இரண்டு இனங்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் கொடுப்பதில் பெரிய பொருளில்லை. தென்னிந்தியாவில் இதைவிடப் பெரியது கிடையாது, அது போதும்.

உலக அளவில் முதலிடம் பாப்புவா நியூகினியின் அரசி அலெக்சாண்ட்ரா பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சிக்கு. அதன் பெண் 25 சென்டிமீட்டரைத் தாண்டும். அதுவும் பொன்னழகியின் உறவுதான்.

மினோஸ், ட்ராய்டெஸ்: இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

கிரேக்கப் புராணத்திலிருந்து. இந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு டிராய் போரில் இரு பக்கமும் நின்றவர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தை, அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் தொடங்கிவைத்தார். ட்ராய்டெஸ் என்பதில் இருப்பது டிராய் நகரம். வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை பறக்கும் உறவுக்காரிக்கு ஹெலனா என்றே பெயர். மினோஸ் கிரீட் தீவின் அரசன். அந்தப் பெயரை 1779-ல் வைத்தவர் பீட்டர் கிராமர். நம் பூச்சியை ஹெலனாவின் கிளையினமாகக் கருதிய காலமும் உண்டு, இப்போது தனி இனம்.

எனக்குப் பிடித்த பெயர் மலையாளத்தில் இருக்கிறது: கருட சலபம். கருடனைப் போல் உயரத்தில், சிறகை அதிகம் அடிக்காமல் மிதந்து போவதைப் பார்த்தவர் யாரோ வைத்த பெயர். கிரேக்க அரசனைவிட இது நெருக்கமாகப் பொருந்துகிறது.

'தகைவிலான் வால்' குடும்பம் என்கிறார்கள், இதற்கு வாலே இல்லையே?

உண்மைதான். தகைவிலான் குருவியின் பிளவுபட்ட வாலைப்போல் பின்சிறகு நீண்டிருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். ஆனால் குடும்பத்தில் பலருக்கு வால் கிடையாது. எலுமிச்சைச் செடிக்கு வரும் வண்ணத்துப்பூச்சிக்கும் இல்லை. உறவை உறுதிசெய்வது வாலல்ல, புழுப் பருவத்தில் தலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கவட்டை உறுப்பு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். தமிழில் இந்தக் குடும்பத்தையே 'அழகிகள்' என்று அழைக்கிறார்கள். வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடிக்காத பெயர்.

தமிழ்நாட்டில் எங்கே, எப்போது பார்க்கலாம்?

நீலகிரிச் சரிவுகள், ஆனைமலை, பழனிமலையின் அடிவாரம், குற்றாலம், கன்னியாகுமரி மாவட்டக் காடுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியிலுள்ள கல்லாறு வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே பழகிய இடம். பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, காட்டை ஒட்டிய காப்பித் தோட்டம், பாக்குத் தோப்பு என எங்கும் வரும்.

ஆண்டு முழுவதும் பறக்கும். மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் எண்ணிக்கை கூடும்.

எப்போதும் உயரத்திலேயே பறக்கிறதே, கீழே இறங்காதா?

இறங்கும். காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் தேனுக்காக வரும். வெட்சிப் பூவும் உண்ணிச்செடிப் பூவும் அதற்குப் பிடித்தவை. உண்ணிச்செடி அயல்நாட்டிலிருந்து வந்து நம் காடுகளின் கழுத்தை நெரிக்கும் களை என்பது தெரிந்ததே. ஆனால் பொன்னழகியை ஆற அமரப் பார்க்கக் கிடைக்கும் இடம் பல நேரம் அந்தப் புதர்தான். காட்டுயிர் ஆர்வலர்களுக்கு இது ஒரு தர்மசங்கடம்.

பூவில் அமர்ந்து தேன் குடிக்கும்போதும் முன்சிறகு துடித்துக்கொண்டே இருக்கும், பின்சிறகு மட்டும் விரிந்து நிற்கும். அவ்வளவு பெரிய உடலை மெல்லிய பூங்கொத்தின்மேல் முழுதாக இறக்கி வைத்தால் பூ தாங்காது. புகைப்படத்தில் முன்சிறகு மங்கலாக விழுவதற்கு உங்கள் கை நடுக்கம் காரணமல்ல.

பெண் கீழே வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிழலான புதர்களுக்கிடையே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் மெதுவாக அலையும். அது தேடுவது ஒரு கொடியை.

எந்தக் கொடி?

ஈஸ்வரமூலி. பெருமருந்துக்கொடி, கருடக்கொடி என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் அரிஸ்டோலோக்கியா இண்டிகா. பொன்னழகியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால், பூச்சியை விட்டுவிட்டு இந்தக் கொடியைப் பாருங்கள் என்பேன். இதன் குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறு எதையும் பொன்னழகியின் புழு தின்னாது. காட்டுக்குள் இதே குடும்பத்தைச் சேர்ந்த தோட்டியா என்ற குறுஞ்செடியிலும் முட்டையிடும். கேரளத்தில் அதற்கு அல்பம் என்று பெயர். பட்டியல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கொடியே ஒரு விநோதம். பூ சிறிய குழல்போல் வளைந்திருக்கும். உள்ளே போகும் சின்னஞ்சிறு ஈயை, குழலின் உட்புற மயிர்கள் வெளியே வரவிடாமல் தடுத்துவிடும். ஈ மகரந்தத்தைப் பூசிக்கொண்ட பிறகு அந்த மயிர்கள் வாடி வழிவிடும். காய் முற்றினால் அடிப்பக்கமாகப் பிளந்து, நூல்களில் தொங்கும் குட்டி உறிபோல் ஆகிவிடும். மலையாளத்தில் இதற்கு 'உறிதூக்கி' என்றும் பெயர் உண்டு. வெண்ணெய்ச் சட்டியை உறியில் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

பெண் பொன்னழகி இலையில் உட்கார்ந்து முன்கால்களால் தட்டிப் பார்க்கும். வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சுவை அறியும் உறுப்புகள் காலிலும் உண்டு. இலை சரியானதுதான் என்று தெரிந்த பிறகே முட்டை. பெரும்பாலும் இலையின் அடியில், தனித்தனியாக வைக்கும். முட்டை செம்மஞ்சளாக, மணிபோல் உருண்டையாக இருக்கும்.

புழு எப்படி இருக்கும்? ஆபத்தானதா?

பார்க்கப் பயமுறுத்தும். கரும்பழுப்பும் சிவப்பும் கலந்த வெல்வெட் துணிபோன்ற உடல். அதன்மேல் வரிசை வரிசையாகச் சதைக் கூம்புகள். உடலின் நடுவில் ஒரு வெளிறிய பட்டை சாய்வாக ஓடும். கூம்புகள் முள்ளல்ல, குத்தாது, அரிக்காது. கம்பளிப்பூச்சியைத் தொட்டுத் தடித்துப்போன அனுபவத்தை இதன்மேல் ஏற்ற வேண்டாம்.

சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவட்டை ஒன்று பாம்பின் நாக்குபோல் வெளியே வரும். கூடவே ஒரு நெடி. எறும்பையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும் ஆயுதம் அது. முன்னே சொன்ன குடும்ப அடையாளமும் அதுவே. வீட்டுக் கறிவேப்பிலையில் பச்சைப் புழுவைப் பார்த்திருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

புழுவுக்குப் பசி அதிகம். வளர்ந்த புழு சில நேரம் கொடியின் தண்டையே சுற்றிக் கடித்துவிடும், அதற்கு மேலே உள்ள பகுதி வாடிப்போகும். ஒரு சிறு கொடியில் நான்கைந்து புழுக்கள் இருந்தால் நிலைமை நெருக்கடிதான். பறவைச்சிறகு இனங்களில் பெரிய புழு முட்டையையும் சிறிய புழுவையும் தின்றுவிடுவதும் உண்டு. தாய் ஏன் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி முட்டை வைக்கிறாள் என்பது இதிலிருந்து புரியும்.

கூட்டுப்புழுவாக மாறும்போது பல நேரம் கொடியைவிட்டு நகர்ந்து பக்கத்துச் செடிக்குப் போய்விடும். இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு, காய்ந்த இலை ஒன்று சுருண்டு ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். எதிரிலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

பொன்னழகிக்கு விஷம் உண்டா?

உண்டு. அது கொடி கொடுத்த சீதனம். ஈஸ்வரமூலியில் அரிஸ்டோலோக்கிக் அமிலங்கள் என்ற நச்சுகள் இருக்கின்றன. புழு அவற்றைத் தின்று தன் உடலில் சேர்த்துவைக்கிறது. சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு உடலில் இருக்கும். கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று உரக்கச் சொல்லும் வண்ணங்கள் பறவைகளுக்கான எச்சரிக்கை. அவசரமே இல்லாமல் மிதந்து பறக்கும் அந்தத் தோரணைக்கும் இதுதான் பின்னணி. தின்ன ஆள் இல்லாதவனுக்கு ஓட்டம் எதற்கு?

தொட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஈஸ்வரமூலி நாட்டு மருந்தாயிற்றே, நாங்கள் சாப்பிடலாமா?

வேண்டாம். இதை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடிக்கு இதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் பழையது. கருடக்கொடி என்ற பெயரே அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகைச் செடிகளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் கலந்திருந்தது இதே குடும்பத்துச் செடி. பால்கன் நாடுகளில் கோதுமை வயலில் களையாக முளைத்த இன்னொரு உறவுச் செடியின் விதை மாவில் கலந்து, தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரக நோயைத் தந்தது. 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று யாராவது இதை நீட்டினால், அது புழுவுக்கான உணவு என்று சொல்லிவிடுங்கள். பாம்பு கடித்தால் போக வேண்டிய இடம் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை.

வீட்டில் கொடி வளர்த்தால் பொன்னழகி வருமா?

மலையடிவாரத்தில் இருந்தால் வரலாம். சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கொடி வீண்போகாது. இதே கொடியில் வளரும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற சிவந்த உடல் வண்ணத்துப்பூச்சிகள் சமவெளியிலும் உண்டு. மொட்டைமாடித் தொட்டியில் வைத்த கொடியையும் அவை கண்டுபிடித்துவிடும். எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று வியந்து முடிப்பதற்குள் இலை முழுவதும் காலியாகியிருக்கும். அதற்குக் கலங்கக் கூடாது, கொடி திரும்பத் துளிர்க்கும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். ஒரு கொடிக்குப் பதில் மூன்று நான்கு வைத்தால் நிம்மதி.

ஓர் எச்சரிக்கை. நாற்றுப் பண்ணைகளில் பெரிய, புள்ளியிட்ட, புகைக்குழாய் வடிவப் பூக்களுக்காக விற்கப்படும் தென்னமெரிக்க அரிஸ்டோலோக்கியா கொடிகளை வாங்கிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சிக்கு இதனால் நேர்ந்தது ஒரு துயரக் கதை. வாசனையை நம்பித் தாய் அந்த அயல்கொடியில் முட்டையிடும், பொரித்து வரும் புழுக்கள் இலையைத் தின்று செத்துப்போகும். அழகுக்காக வைத்த கொடி பொறியாக மாறிவிடுகிறது. உள்ளூர்க் கொடியின் பூ கண்ணைப் பறிக்காதுதான், புழுவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சிறகிலுள்ள பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

போகாது. சிறு வயதில் எல்லோரும் கேட்ட மிரட்டல் இது. அந்தப் பொடி நுண்ணிய செதில்கள். ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகச் சிறகில் பதிந்திருக்கும், நிறமெல்லாம் அதில்தான். கண்ணில் விழுந்தால் தூசி விழுந்ததுபோல் உறுத்தும், கழுவினால் சரி. நட்டம் வண்ணத்துப்பூச்சிக்குத்தான், உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது.

இரவில் எங்கள் வீட்டு விளக்கருகே கையகலப் பூச்சி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அது பொன்னழகியா?

இல்லை. இரவு, விளக்கு, சுவர் என்றாலே விட்டில்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். செம்பழுப்பு நிறம், சிறகில் கண்ணாடி போன்ற முக்கோணச் சாளரங்கள், முன்சிறகின் முனை பாம்புத் தலைபோல் வளைவு: இவை இருந்தால் அது அட்லஸ் விட்டில். பொன்னழகி பகலாடி. அட்லஸுக்கு வாயுறுப்பு வளர்வதில்லை, அது எதையும் உண்ணாமல் சில நாட்களே வாழும். ஆகவே அதைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீர் காட்டாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

பொன்னழகி அழியும் நிலையில் உள்ளதா? பிடித்து வளர்க்கவோ சட்டகத்தில் வைத்துச் சுவரில் மாட்டவோ சட்டம் அனுமதிக்குமா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது கவலை குறைந்த இனம். ஆனால் ட்ராய்டெஸ் பேரினம் முழுவதும், வனஉயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதியின்றி நாடு தாண்டி வாங்கவோ விற்கவோ கூடாது. இணையத்தில் 'அலங்காரச் சட்டகம்' என்று விற்பனைக்கு வரும் மஞ்சள் சிறகுகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இந்தச் சிறகுகள் மனிதரைக் கிறுக்காக்கும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1859-ல் இந்தோனேசியாவின் பச்சான் தீவில், பொன்னழகிக்கு உறவான இன்னொரு பறவைச்சிறகு இனத்தின் ஓர் ஆணை முதன்முதலாகக் கையில் பிடித்தபோது, இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு நெஞ்சு படபடத்து, ரத்தம் தலைக்கேறி, மயக்கமே வரும்போலிருந்தது. அன்று முழுவதும் அவருக்குத் தலைவலி.

வலைக்காரரைவிடப் பொன்னழகிக்கு இன்று பெரிய ஆபத்து அரிவாள். சாலையோரம் 'சுத்தம்' செய்யும்போதும், தோட்டத்தில் களை பிடுங்கும்போதும் முதலில் போவது பெயர் தெரியாத கொடிகள். மருந்துக்காக வேரோடு தோண்டுவதும் நடக்கிறது. பூச்சியை ஒருவரும் தொடவில்லை, ஆனாலும் அடுத்த பருவத்தில் அங்கே அது இருக்காது.

இது தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியா?

இல்லை, கர்நாடகத்தினுடையது. தமிழ்நாட்டுக்கு 2019-ல் தமிழ் மறவன். கேரளத்துக்குப் புத்தமயூரி, மகாராஷ்டிரத்துக்கு புளூ மோர்மன். பின்னிரண்டும் பொன்னழகியின் குடும்பம்தான்.

ஒரே ஒரு நாள்தான் மலைக்கு வருகிறேன். பார்க்க என்ன செய்ய வேண்டும்?

மழை விட்ட மறுநாளாக இருந்தால் நல்லது. காலை எட்டரைக்குள் காட்டோரச் சாலையில் பூத்த உண்ணிப்புதரையோ வெட்சியையோ பிடித்துவிடுங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி, புதரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உட்காருங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் மரத்துக்கு மேல் போய்விடும். ஒரு பூவுக்கு வந்தது சுற்றிவிட்டுத் திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதனால் இடத்தை மாற்ற வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் ஒன்றும் வரவில்லையென்றால் எழுந்து, நிழலான ஓடைக்கரைப் பக்கம் நடந்து, இதய வடிவ இலையோ நீள இலையோ எதுவானாலும் தரையோரம் படர்ந்த கொடிகளில் காய்ந்த உறி தொங்குகிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் இலைகளை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், அடியில் செம்மஞ்சள் மணி ஒன்று ஒட்டியிருக்கக்கூடும்.